சுதந்திரம் கொடுத்தார்கள்; கணக்குக் கொடுக்கவில்லை

"கலைக்குத் தொண்டு செய்கிறேன்" என்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் எனக்கு உடனே ஒரு கேள்வி எழுகிறது. அந்தத் தொண்டின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? சொல்பவர் கணக்கிலா, கலைஞன் கணக்கிலா? இப்படிக் கேட்பது நாகரிகமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். சந்நிதியில் நின்றுகொண்டு உண்டியலில் எவ்வளவு விழுந்தது என்று விசாரிப்பது போல இருக்கிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோவிலுக்கும் கணக்கு உண்டு. தர்மகர்த்தா கணக்குக் காட்டாவிட்டால் ஊரே கூடிக் கேட்கும். அதனால் சாமிக்கு அபசாரம் என்று யாரும் சொன்னதில்லை.

இந்த விஷயத்தைப் பேச நான் நியூயார்க்குக்குப் போகவேண்டியிருக்கிறது. ஒரே கடையில் பெரிய நன்மையும் பெரிய அநியாயமும் சேர்ந்து குடியிருந்ததை அங்கே தெளிவாகப் பார்க்கலாம். அந்தக் கடை ஒரு இசைத் தட்டுக் கம்பெனி. அது வெளியிட்டது, அந்தக் காலத்தில் அநேகமாக யாரும் கேட்க விரும்பாத ஜாஸ் சங்கீதம்.

ஜாஸ் கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் அடியில் ஓடும் ஸ்வரக் கூட்டங்களின் வரிசைக்குள்ளேயே நின்று மனோதர்மமாக வாசிப்பது ஜாஸ்காரர்களின் வழக்கம். 1960-ஐ ஒட்டிச் சிலர் அந்த வரிசையே வேண்டாம் என்றார்கள். நிலையான தாள நடைகூட வேண்டாம் என்றார்கள். ஆர்னெட் கோல்மன் 1960-இல் பதிவு செய்து மறு ஆண்டு வெளிவந்த தட்டுக்குப் பெயரே 'ஃப்ரீ ஜாஸ்', சுதந்திர ஜாஸ். பழைய ரசிகர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மதுக்கடை மேடைகளில் இவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. பெரிய கம்பெனிகளில் ஒன்றிரண்டு, கோல்மன் மாதிரி ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் கதவைத் திறந்தன. மற்றவர்கள் தெருவில் நின்றார்கள்.

அந்தத் தெருவுக்கு வந்தவர் பெர்னார்ட் ஸ்டால்மன். தொழிலால் வக்கீல். எஸ்பெராண்டோ என்ற செயற்கை உலக மொழியில் அவருக்குப் பைத்தியம். 1963-இல் அவர் ஆரம்பித்த கம்பெனிக்கு அந்த மொழியின் முதல் மூன்று எழுத்துக்களையே வைத்து 'ஈ.எஸ்.பி. டிஸ்க்' என்று பெயரிட்டார். அது வெளியிட்ட முதல் தட்டும் எஸ்பெராண்டோ பாட்டுத் தட்டுதான்! அந்த வருஷக் கடைசியில் ஹார்லெமில் ஓர் இரவு, ஆல்பர்ட் அய்லர் என்ற இளைஞர் சாக்ஸபோன் வாசிப்பதைக் கேட்டார். அதோடு மொழிப் பிரசாரம் பின்னுக்குப் போய்விட்டது. 1964 ஜூலை 10-ஆம் தேதி அய்லரையும், கேரி பீகாக்கையும், சன்னி மர்ரேயையும் ஒரு ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் பதிவு செய்தார். 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' என்று மறு ஆண்டு வந்த அந்தத் தட்டு, அரை மணி நேரம்கூட ஓடாது. ஆனால் அதற்குப் பிறகு சாக்ஸபோனைக் கையில் எடுத்தவர்கள் அதைக் கேட்காத மாதிரி வாசிக்க முடியவில்லை.

முதல் ஒன்றரை ஆண்டுக்குள் சுமார் 45 தட்டுகள் வந்துவிட்டன. இன்று அந்த இசையின் சரித்திரம் எழுதுகிறவன் இந்தத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு ஒரு அத்தியாயம்கூட எழுத முடியாது. கம்பெனியின் கொள்கை அட்டையிலேயே அச்சாகியிருந்தது: இதில் நீங்கள் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதைக் கலைஞர்கள் மட்டுமே தீர்மானிக்கிறார்கள். அட்டையில் போட்டதற்கு ஏற்ப நடந்தும் கொண்டார். 'இந்த இடத்தைக் குறை, அந்த இடத்தில் ஒரு இனிமையான மெட்டைச் சேர்' என்று சொல்லும் அதிகாரி அங்கே கிடையாது. எந்த நாட்டிலும், எந்தக் கலையிலும், முதலாளி என்ற பெயர் தாங்கிய ஒருவர் இப்படிச் சொன்னால் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நானும் ஒற்றிக்கொள்கிறேன். இதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல.

ஆனால் கலைஞன் தீர்மானித்தது தட்டின் உள்ளே இருந்த சத்தத்தை மட்டுந்தான். எத்தனை தட்டு அழுத்தப்பட்டது, எத்தனை விற்றது, எந்தெந்த ஊருக்குப் போனது, அவன் பங்குக்கு எவ்வளவு வந்தது? இவற்றைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்று அந்தக் கம்பெனிக்கு வாசித்தவர்களில் பலர் வருஷக்கணக்காகப் புகார் சொன்னார்கள். ராயல்டி வரவில்லை என்றார்கள். கணக்குக் கடிதமும் வரவில்லை என்றார்கள். கம்பெனி 1970-களின் நடுவில் ஓய்ந்து போயிற்று. அதன் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மறுபதிப்பு உரிமை கொடுக்கப்பட்டு, ஐரோப்பாவில் தட்டுகள் மறுபடி மறுபடி வந்தன. அப்போதும் புகார் அதேதான். ஜேஸன் வைஸ் என்பவர் ஸ்டால்மனையும் வாத்தியக்காரர்களையும் பேச வைத்து 2012-இல் ஒரு புத்தகமே போட்டார். அதில் கோபமும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டும் கலந்து இருப்பதையும் பார்க்கலாம்.

ஸ்டால்மனின் சமாதானம் என்ன? லாபமே வரவில்லை, எங்கிருந்து பங்கு கொடுப்பது என்பது ஒன்று. கம்பெனி வெளியிட்ட ஓரிரு ராக் கோஷ்டித் தட்டுகள் நன்றாக விற்றபோது, திருட்டுப் பதிப்புப் போட்டு என்னை அழித்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் வாஸ்தவமாகவே இருக்கட்டும். அவர் பங்களா கட்டிக் குடியேறவில்லை. குடும்பப் பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார். பின்னால் அரசாங்க வக்கீலாக உத்தியோகம் பார்த்தார். 2005-இல் கம்பெனியை மறுபடி உயிர்ப்பித்து, 2015-இல் காலமானார். மோசக்காரன் என்று அவரை நான் சொல்லவில்லை. மோசக்காரனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை; போலீஸ்காரரும் கோர்ட்டும் போதும்.

என் நண்பர் ஒருவர் இந்தத் தட்டுகளில் சிலவற்றைப் பூஜை அறைப் படங்களைப் போலப் பாதுகாக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஸார், நீங்கள் எல்லாவற்றையும் கணக்குப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கிறீர்கள். அந்த மனுஷர் இல்லாவிட்டால் அய்லர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிந்திருக்காது."

"பின்னே என்ன? உலகம் பூராவும் பேர் வாங்கிக் கொடுத்தாரே, அது கூலி இல்லையா?"

இந்தக் கேள்வியை நான் நேர்மையான கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். பதில் சொல்வதற்கு முன்னால், ஒரு சிறு கம்பெனியில் பணம் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்டூடியோவுக்கு வாடகை. பதிவானதை அரக்குப் பூசிய தட்டில் வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுக்கக் கூலி. பிறகு ஆலையில் வினைல் தட்டு அழுத்தவேண்டும். அட்டை அச்சடிக்கவேண்டும். முதல் அச்சுக்கு ஆகும் செலவு, 300 பிரதி போட்டாலும் அதுதான். 3,000 போட்டாலும் ஏறக்குறைய அதுதான். ஆகவே குறைவாக விற்கும் சங்கீதத்துக்குத் தட்டு ஒன்றுக்கு அடக்கம் அதிகம். இந்தச் செலவெல்லாம் முன்பணம். வரவோ, விநியோகஸ்தர் கையில். அவர் சரக்கை விலைக்கு வாங்குவதில்லை. விற்றால் பணம், விற்காவிட்டால் தட்டு திரும்பி வரும், மூலை மடங்கின அட்டையோடு. விற்றதற்கும் பணம் மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்த தட்டு அவருக்கு வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் போன தட்டின் பாக்கியைக் கொடுக்க அவருக்கு மனம் வரும்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. போன தட்டின் பாக்கியை வசூலிக்க அடுத்த தட்டைப் போட்டே ஆகவேண்டும். அடுத்த தட்டுக்கு ரொக்கம் ஏது? வந்த பணத்தில் ஒரு பகுதி மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அது போன தட்டில் வாசித்தவனின் பங்கு. அவன் இன்றைக்கு வந்து கதவைத் தட்டவில்லை, ஆலைக்காரன் தட்டுகிறான். கை எங்கே போகும்? எந்த நல்ல மனிதன் கையும் அங்கேதான் போகும். இப்படியாக முதல் கலைஞனின் கூலியில் இரண்டாவது கலைஞனின் தட்டும், இரண்டாமவன் கூலியில் மூன்றாமவன் தட்டும் வெளிவருகின்றன. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு, 'ஆஹா, என்ன உற்சாகம், மாதத்துக்கு இரண்டு தட்டு!' என்று தோன்றும். அந்த உற்சாகத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவன் யார் என்பதுதான் என் கேள்வி. கடன் கொடுத்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது. கணக்கை வெளியே வைக்காத கம்பெனியைப் பற்றி இந்தச் சந்தேகத்தை யாராலும் தடுக்க முடியாது. தடுக்கக்கூடிய ஒரே காகிதம் அந்தக் கணக்குத்தான்.

'லாபமில்லை, ஆகவே பங்கில்லை' என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'லாபமில்லை, ஆகவே கணக்கில்லை' என்பதை ஒருக்காலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அச்சிட்டது இத்தனை, விற்றது இத்தனை, திரும்பி வந்தது இத்தனை, செலவு இவ்வளவு, உன் பங்கு பூஜ்யம். இப்படி ஒரு தாளில் எழுதி ஒரு தபால் தலை ஒட்டிப் போட முடியாதா? பூஜ்யமும் ஒரு தொகைதான். அதைக் கையில் வாங்கிய வாத்தியக்காரன், 'சரி, இந்த ஆள் நம்மைப் போலவே கஷ்டப்படுகிறார்' என்று நினைப்பான். ஒன்றும் வாங்காதவன் வேறு விதமாகத்தான் நினைப்பான். நியூயார்க்கில் அந்த வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். தட்டுத் தொழிலின் முதலாளிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அவர்களுடைய தகப்பன்மாரும் பாட்டன்மாரும், பாடினதற்கு ஐந்தோ பத்தோ டாலரை வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பரம்பரை. அந்தப் பரம்பரையிடம் போய், 'அன்பினால் செய்கிறேன், கணக்குக் கேட்காதே' என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

பேர் வாங்கிக் கொடுத்தது கூலியாகாதா என்றாரே நண்பர். பேர், கம்பெனி கொடுத்ததல்ல. வாசிப்பு கொடுத்தது. கம்பெனி அந்த வாசிப்பை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. கொண்டுபோன வண்டிக்காரருக்கு நன்றி சொல்லலாம். மூட்டையே அவருடையது என்று ஆகிவிடாது.

எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. என் ஆரம்ப காலத்து நாவல் ஒன்றைப் போட்ட பிரசுரகர்த்தர் ஒருவர், இரண்டாம் பதிப்பு வந்ததை எனக்குச் சொல்லவேயில்லை. கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கேட்டபோது வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்து, ஒரு பொன்னாடையும் போர்த்தி அனுப்பினார். நல்ல ஜரிகை. மளிகைக் கடைக்காரர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

பெரிய கம்பெனிகளிடம் போயிருக்கலாமே என்று யாராவது சொல்லலாம். அய்லர் போனார். ஜான் கோல்ட்ரேனின் சிபாரிசில் 'இம்பல்ஸ்' என்ற பெரிய கம்பெனிக்கு 1960-களின் பின்பாதியில் போனார். அங்கே 1968-இல் அவர் பதிவு செய்த 'நியூ கிராஸ்' என்ற தட்டில் ஜனரஞ்சகப் பாட்டுகளும் நடனத் தாளமும் புகுந்துவிட்டன. கம்பெனி நிர்ப்பந்தம் என்பாரும் உண்டு, அவர் இஷ்டமே என்பாரும் உண்டு. இரண்டு வருஷங் கழித்து, 1970 நவம்பரில், கிழக்கு ஆற்றில் அவருடைய உடல் மிதந்தது. வயது 34. எதற்கு எது காரணம் என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஒரு கடையில் சுதந்திரம், மற்றொரு கடையில் சம்பளம், இரண்டும் ஒரே கடையில் கிடைக்காது என்ற நிலையில்தான் அந்த மனிதர் வாழ்ந்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

கிடைக்கவே கிடைக்காது என்று சொல்பவர்களிடந்தான் என் சண்டை. கணக்குப் புத்தகத்தைத் தாமே கையில் எடுத்துக்கொண்ட கலைஞர்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள், பின்னும் இருந்தார்கள். சார்லஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் 1952-இலேயே 'டெபூ' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். மிங்கஸின் மனைவி செலியா ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டார். 1953 மே மாதம் டொரொன்டோவில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அவர்களோடு சேர்ந்து வாசித்த கச்சேரியை அந்தக் கம்பெனிதான் வெளியிட்டது. வேறு கம்பெனியின் ஒப்பந்தம் இருந்ததால் பார்க்கர் பெயரை 'சார்லி சான்' என்று மாற்றிப் போட வேண்டியிருந்தது! சில வருஷங்களில் அந்தக் கம்பெனி நின்றுபோயிற்று. சிகாகோவில் சன் ரா என்ற விசித்திரப் பிறவி, தான் சனி கிரகத்திலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டவர், நண்பர் ஆல்டன் ஆபிரகாமோடு சேர்ந்து 1950-களிலேயே 'சாட்டர்ன்' தட்டுகளைப் போட ஆரம்பித்தார். அட்டைகளைச் சில சமயம் கோஷ்டிக்காரர்களே கையால் வரைந்து, கச்சேரி முடிந்ததும் மேடை ஓரத்தில் விற்றார்கள். விநியோகஸ்தருக்கு அங்கே என்ன வேலை?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மில்ஃபோர்ட் கிரேவ்ஸ் என்ற தாள வாத்தியக்காரர் ஈ.எஸ்.பி. கம்பெனிக்கு வாசித்தவர். அவர் 1966-இல் பியானோக்காரர் டான் புல்லனோடு யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய கச்சேரியைத் தாங்களே தட்டாகப் போட்டார்கள். கம்பெனியின் பெயரே 'தன் கையே தனக்கு உதவி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். அட்டைகளைக் கையாலேயே வர்ணம் தீட்டினார்கள். இதைவிடச் சுருக்கமாக ஒரு ராஜிநாமாக் கடிதம் எழுத முடியாது. அப்படியே, அந்தக் கம்பெனிக்கு வாசித்த பால் பிளேயும் 1974-இல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்.

ஜெர்மனியில் பீட்டர் பிராட்ஸ்மன் 1968-இல் 'மெஷின் கன்' தட்டை 300 பிரதி தானே போட்டு விற்றார். மறு ஆண்டு மேற்கு பெர்லினில் அவரும் யோஸ்ட் கெபர்ஸும் மற்றவர்களும் சேர்ந்து 'எஃப்.எம்.பி.' கம்பெனியைத் தொடங்கினார்கள். கெபர்ஸ் சமூக சேவை உத்தியோகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு கம்பெனியை நடத்தினார். இதைத்தான் தொண்டு என்று நான் சொல்வேன். தன் சோற்றுக்கு வேறு வழி பார்த்துக்கொண்டவர். நியூயார்க்கில் 1971-இல் சார்லஸ் டாலிவரும் ஸ்டான்லி கௌவலும் ஆரம்பித்த 'ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்'டில் ஒலிப்பதிவின் சொந்தக்காரன் வாத்தியக்காரனே. பதிவுச் செலவும் அவனுடையது, வருவதில் பெரும்பங்கும் அவனுடையது. கில் ஸ்காட்-ஹெரனும் பிரையன் ஜாக்ஸனும் 1974-இல் அங்கே போட்ட 'வின்டர் இன் அமெரிக்கா'வைத் தெருவெல்லாம் கேட்டார்கள்.

எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. 1964-இல் பில் டிக்ஸன் முயற்சியில், யாரும் தனியே போய் ஒப்பந்தம் போடக்கூடாது, சேர்ந்தே பேரம் பேசுவோம் என்று நியூயார்க்கில் ஒரு சங்கம் அமைத்தார்கள். மறு வருஷமே அது உடைந்தது. தனியாக நல்ல ஒப்பந்தம் கிடைத்தவன் போய்விட்டான். பசித்தவனைக் குறை சொல்ல நான் யார்? கலைஞன் கணக்கு எழுத உட்கார்ந்தால் வாசிப்பதற்கு நேரம் போகிறது என்பதும் நிஜம். மிங்கஸ் மாதிரி ஒருவர் பார்சல் கட்டும் நேரத்தில் எத்தனை மெட்டுகள் போயிருக்கும்! அதற்குத்தான் நல்ல முதலாளி வேண்டும். நல்ல முதலாளிக்கு இலக்கணம் கேட்டால், காதில் ரசனை ஒன்று, கையில் பேரேடு ஒன்று. இரண்டில் ஒன்று குறைந்தாலும் எனக்கு வேண்டாம்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது தட்டும் இல்லை, ஆலையும் இல்லை, எல்லாம் கைப்பேசியில் கேட்கிறதே என்று வாசகர்கள் நினைக்கலாம். கேட்கிறது, வாஸ்தவம். ஆனால் ஸ்பாட்டிஃபை கம்பெனி 2024-இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு பதிவு பன்னிரண்டு மாதத்துக்குள் 1,000 முறையாவது கேட்கப்படவில்லையென்றால் அதற்கு ராயல்டி கிடையாது. 999 பேர் கேட்டால் பூஜ்யம்! ஜனரஞ்சகப் பாட்டுக்கு இந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. எந்தச் சங்கீதத்தின் கழுத்தில் இந்தக் கயிறு விழும் என்று யோசித்துப் பாருங்கள். இருபது நிமிஷம் ஓடும் ஒரு சாக்ஸபோன் வாசிப்பை வருஷத்தில் 400 பேர் உட்கார்ந்து கேட்டால் அதுவே பெரிய சபை. ஸ்டால்மன் காலத்தில் கணக்கு வரவில்லை. இப்போது கணக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் வருகிறது, காசு வருவதில்லை. முன்னேற்றந்தான்.

பாண்ட்கேம்ப் என்று 2008-இல் தொடங்கிய கடை ஒன்று உண்டு. இந்த மாதிரிச் சிறு கம்பெனிகள் பலவற்றுக்கு அது பிழைக்க வழி காட்டியது. பதிவை ரசிகன் விலைக்கு வாங்குகிறான், கடைக்காரன் தன் பங்கு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லிக் கழித்துக்கொள்கிறான், மிச்சம் வாத்தியக்காரனுக்குப் போகிறது. 2020-இல் நோய்க் காலத்தில் கச்சேரிகள் நின்றபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுத்தது. அந்தக் கடை 2022-இலும் 2023-இலும் இரண்டு முறை கைமாறி, வேலைக்காரர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடையையும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள நான் சொல்லவில்லை.

நண்பர் சமீபத்தில் மறுபடி வந்தார். 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி'யின் புதிய மறுபதிப்பு ஒன்று வாங்கி வந்திருந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். "இதில் அய்லர் வாரிசுக்கு என்ன போகிறது என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் அட்டையில் போடுவார்களா ஸார்?"

"கலைஞன்தான் தீர்மானிக்கிறான் என்பதை அட்டையில் போட்டார்களே!"

அவர் பதில் சொல்லாமல் தட்டைச் சுழலவிட்டார். அரை மணிக்கும் குறைவாக ஓடிற்று. இரண்டு பேரும் பேசவில்லை. போகும்போது, அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்கப்போவதாகச் சொல்லி, விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.